தோணிரேவில் திறந்த பீப்பாய்

விடியற்காலை ஐந்து மணிக்குச் சென்னப்பட்டணத்துக் கால்வாய்த் துறையில் படகேறினேன். பழவேற்காடு இருபத்தைந்து மைல். கூலி முக்கால் ரூபாய். இரண்டு பேர் கரையில் நடந்து கயிறு இழுத்தார்கள், மூன்றாமவன் படகிலேயே படுத்துத் தூங்கினான். எண்ணூரைத் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பட்டணத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ஒயின் விற்கும் கடையில் ருசி பார்ப்பவன் நான். முதலாளி வாங்குமுன் நான் முகர்ந்து, ஒரு வாய் கொப்பளித்துத் துப்பி, தேறும் தேறாது என்று சொல்ல வேண்டும். தெருவில் என்னைக் குடிகாரன் என்கிறார்கள். துப்புகிறவன் எப்படிக் குடிகாரன் ஆவான் என்று யாரும் யோசிப்பதில்லை, என் மனைவி உட்பட.

ஒல்லாந்தர் பழவேற்காட்டை இங்கிலீஷ்காரரிடம் விட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த வருஷம் அது. அவர்கள் வீட்டுக் கட்டில், அலமாரி, பீங்கான் எல்லாம் விலைக்கு வந்தன. அந்தச் சந்தடியில்தான் இந்தப் பீப்பாயைப் பற்றியும் கேள்விப்பட்டோம். கப்பல்கள் சுற்றிவரும் கேப் முனையிலிருந்து வந்த உயர்ந்த வெள்ளை ஒயின், ஓக் மரப் பீப்பாய், இன்னும் திறக்காதது.

பிற்பகல் மூன்று மணிக்குப் பழவேற்காட்டில் இறங்கினேன். ஏரிக்கரைத் தோணிரேவுக் கிராமத்து மீன்காரன் எல்லப்பன் தன் படகோடு காத்திருந்தான். பீப்பாய் அவன் அக்காள் கன்னியம்மாவுடையது. ஏரியில் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டே கதையைச் சொன்னான்.

கன்னியம்மா ஒல்லாந்தர் கிடங்கில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டவள். ஒரே மகன், பேர் பேதுரு. அவன் கிழக்கே ஒல்லாந்தர் ஆண்ட பத்தாவியாவுக்குக் கப்பலேறியபோது தகப்பன் இந்தப் பீப்பாயை வாங்கி வைத்து, பிள்ளை திரும்பும் நாளில்தான் திறக்க வேண்டும் என்றிருக்கிறார். அந்தக் கப்பலைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. பிறகு தகப்பன் காய்ச்சலில் இறந்தார். கன்னியம்மா பீப்பாயோடு பிறந்த ஊருக்கே வந்துவிட்டாள்.

"எட்டு வருசமாச்சி ஐயா. இன்னும் அவனுக்குப் பங்கு எடுத்துக்கினுதான் இருக்கோம்," என்றான் எல்லப்பன்.

என்ன பங்கு என்று கேட்டேன். கடலில் போனவன் உடல் கிடைக்காவிட்டால், பெற்றவள் போதும் என்று சொல்லும்வரை உறவினர் படகில் அவனுக்கும் மீனில் ஒரு பங்கு ஒதுக்குவார்களாம். அது நின்ற பிறகுதான் கருமாதி.

"பீப்பாய வித்துட்டா அக்கா மனசு ஒரு கரைக்கு வரும்னு நான்தான் சொல்லிச் சொல்லிச் சம்மதிக்க வச்சேன்."

கன்னியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நாங்கள் போனதும் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் வைத்தாள். கருவாடு தின்றால் நாக்கு வேலைக்கு ஆகாது என்று மறுத்தேன்.

"வேல இல்லாத நாள்ல அந்த நாக்கப் பொட்டியில வச்சிப் பூட்டிடுவீங்களா?" என்று சிரித்தாள்.

பீப்பாய் குடிசையின் இருட்டு மூலையில், ஈரப் பாய் போர்த்திக் கிடந்தது. பாயை விலக்கினாள். மரம் கறுத்துப் பளபளவென்று இருந்தது. லேசாக ஒரு வாடை வந்தது. வெளியே கவிழ்த்துப் போட்ட படகுகளின் வாடை என்று விட்டுவிட்டேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லிடறேன்," என்றேன். "அடைப்ப எடுத்தா உள்ள காத்து போயிடும். அப்புறம் வச்சிருக்க முடியாது. விக்கணும், இல்ல குடிச்சித் தீக்கணும்."

அவள் பீப்பாயின் மேல் கையை வைத்தாள். எல்லப்பன் வாசலுக்குப் போய் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"புள்ள வந்தாத்தான் தொறக்கணும்னு சொன்னாரு," என்றாள். கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு, "தொறங்க," என்றாள்.

குழல் விட்டு ஒரு கிண்ணம் எடுத்தேன். காய்ந்த வைக்கோலின் நிறம். உருக்கிய வெண்ணெய், வறுத்த வாதுமை, அதற்குப் பின்னால் எலுமிச்சைத் தோல், கடைசியில் நாக்கோரத்தில் மரத்தின் மெல்லிய துவர்ப்பு. இப்படி ஒன்றை வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிர்ஷ்டம். சந்தோஷத்தில் கண்ணை மூடினேன். அப்போதுதான் அடியிலிருந்து அது எழும்பி வந்தது. படகுகளுடையது என்று நான் விட்டுவிட்ட அதே வாடை, தொண்டைவரை வந்து நின்றது.

"இதும்மேல என்னம்மா பூசினீங்க?"

"சுறா எண்ணெ," என்றாள் பெருமையாக. "படவுக்குப் பூசறப்பல்லாம் இதுக்கும் பூசிடுவேன். மரமாச்சே, காஞ்சா வெடிச்சிடாதா? யாரையும் தொட உடல, நானே பூசினேன்."

ஓக் மரம் மூச்சு விடும். உள்ளிருப்பதைக் கொஞ்சம் வெளியே விட்டு, வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே வாங்கித்தான் அது ஒயினைப் பக்குவப்படுத்தும். எட்டு வருஷம் அது சுறா எண்ணெயையும் சேர்த்து வாங்கியிருந்தது. அதைச் சொல்லத்தானே வந்திருந்தேன்.

"ரொம்ப ஒசந்த ஒயின்மா. ஆனா எண்ணெ வாடை ஏறிடுச்சி. பட்டணத்துல வாங்க மாட்டாங்க."

எல்லப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா! ஒன்ன யாரு பூசச் சொன்னது?"

"அவன் வர்ற வரைக்கும் கெட்டுப் போவக்கூடாதுன்னுதானேடா பூசினேன்!"

அவளே என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். "இன்னா ருசின்னு நானும் பாக்கறேன். இதுவரைக்கும் வாயில வச்சதில்ல."

ஒரு வாய் குடித்தாள். விழுங்கினாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"எங்க எண்ணெ வாடை? எனக்கு ஒண்ணும் தெரியலியே. நல்லாத்தானே இருக்குது?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "எல்லப்பா, நாளைலேந்து பங்கு எடுக்காத. எல்லாரையும் கூப்புடு," என்றாள்.

சாயங்காலம் ஊர் கூடியது. கொட்டாங்குச்சியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு நானும் துப்பவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லப்பனின் படகு இறாலோடு கரைக்கு வந்தது. அவன் பங்கு பிரித்தான். ஆளுக்கொன்றாகக் குவித்துக்கொண்டே போனவன், கடைசியில் பழக்கத்தில் ஒரு குவியலைக் கூடுதலாகப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கூட இருந்தவர்கள் அதைத் தொடவில்லை. பிறகு அதை உப்புப் போட்டு ஓலையில் கட்டி என்னிடம் நீட்டினான்.

"அக்காகிட்ட குடுக்க முடியாது. நாங்களே பிரிச்சிக்கவும் கை வர்ல. நீங்க எடுத்துக்கினு போங்க ஐயா."

பட்டணம் வந்ததும் முதலாளியிடம் தேறாது என்று சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எங்கள் கிடங்கிலும் பீப்பாய்களில் வருஷா வருஷம் ஒயின் குறையும். மரம் குடித்துவிட்டது என்று சொல்லிக் கழித்துவிடுவோம். இல்லாமல் போனதற்காக யாரும் ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்ததில்லை.

வீட்டில் மனைவி இறாலைக் குழம்பு வைத்தாள். இலையில் பரிமாறிக்கொண்டே, "இவ்வளவு பெரிய இறால்! யார் குடுத்தா?" என்று கேட்டாள்.

"தோணிரேவுல பேதுருன்னு ஒரு பையன்," என்றேன்.