கடைக்குள் இறங்கிய மாடிப்படி

கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த அன்றே கவனித்தேன்: வீட்டுக்குத் தனி வாசல் கிடையாது. கீழே என் கணவரின் மளிகை மொத்தக் கடை, மேலே வீடு. மாடிப்படி கடைக்குள், கல்லாவுக்குப் பின்னால் இறங்கியது. தெற்கிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். கடையைப் பூட்டினால் வீட்டையும் பூட்டியதாக ஆக வேண்டும் என்று மாமனார் அப்படிக் கட்டியிருந்தார்.

சரக்கு எடுக்க ஆட்கள் நிற்கும்போது வீட்டுப் பெண் கடைக்குள் நடக்கக் கூடாது என்பதும் அவர் வைத்த வழக்கம்தான். படி வளைகிற இடத்தில் செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்பேன். கூட்டம் குறைந்து இறங்கினால், கணவர் தலை நிமிராமல் கேட்பார்.

"எங்கட்டி?"

"லைப்ரரிக்கு."

"இங்க இல்லாத பேப்பரா? பொட்டலம் கட்ட அவ்வளவு கெடக்கு, எடுத்து வாசி."

மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பேர் சிரிப்பார்கள். கல்யாணத்துக்கு முன் நான் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். சிரிப்பு அடங்குவதற்குள் மேலே திரும்பிவிடுவேன். அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. எங்களுக்குள் பேச்சு என்று இருந்ததே அந்தக் கேள்வியும் என் பதிலும்தான்.

ஒரு தீபாவளிக்கு முன் எண்ணெய் டின்கள் அதிகமாக வந்து இறங்கின. அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை மாடிப்படியில் நின்றது.

"எடம் சும்மா கெடக்கு," என்றார்.

சில நாளில் உள்படியை இடித்தார்கள். மேலே தெருப்பக்கம் கதவு வைத்து, அதற்கு ஓர் இரும்புப் படியும் போட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் யோசித்துவிடுவார்.

வேலை முடிந்ததும் வெல்டர் கீழேயிருந்து கூப்பிட்டார்.

"யக்கா, எறங்கிப் பாரு. ஆடுதா?"

"ஆடல."

"பின்ன இன்னாத்துக்கு பாதிலயே நின்னுகினு கீற?"

பழக்கத்தில் நின்றிருக்கிறேன். இறங்கினேன். நேரே லைப்ரரிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கணவர் டின்களுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கட்டி போன?"

சொன்னேன். போய் வந்துவிட்டதால் அவருக்கு அதில் செய்ய ஒன்றும் இல்லை.

இப்போது திருவொற்றியூரில் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறேன். ரயிலில் போய் வருகிறேன். எங்கள் கல்யாண வாழ்க்கை முன்பு எப்படியோ அப்படியேதான் இருக்கிறது. கடல் காற்றில் இரும்பு துருப்பிடிக்கிறது; வருஷா வருஷம் நானே பெயின்ட் அடிக்கிறேன். மேல்படியில் தொடங்கி, பின்பக்கமாக இறங்கிக்கொண்டே அடித்து வந்தால் தெருவில் முடியும். காயும்வரை வீட்டுக்குள் போக முடியாது. கையைத் துடைத்துக்கொண்டு காசிமேட்டுப் பக்கம் நடப்பேன். படகுகள் வந்து மீன் இறக்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.