ஆறு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த சீட்

சீட் தைப்பவரின் கைகள் இரண்டும் பல் டாக்டருடைய ஸ்போர்ட்ஸ் காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து எடுத்த ஸ்பாஞ்சை நூலளவு சீவிக்கொண்டிருந்தன. அந்த சீட்டில் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம் போனதில் டாக்டரின் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இனி பஸ்ஸில்தான் வருவேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

உறையைத் தைத்து மாட்டியதும் சீட் தைப்பவர் பட்டறைக்குள்ளேயே அதில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். சாப்பாடும் அங்கேயே.

"வண்டி ஒரு அடி நகரல. இதுல பெல்ட் வேற!" என்றாள் அவர் மனைவி.

"இடுப்பு வலிக்கலடி" என்று இறங்கினார்.

மறுநாள் டாக்டரின் மனைவி உட்கார்ந்ததும் முகம் மலர்ந்தார்.

"என் சீட்டையும் இப்படியே பண்ணிடுங்களேன்" என்றார் டாக்டர்.

"வேணாம் அண்ணே, ஓட்டும்போதே தூங்கிடுவாரு" என்று அந்த அம்மாள் தடுத்தார்.

சீட் தைப்பவர் கார் சாவியை அந்த அம்மாளிடமே கொடுத்தார்.