பச்சைக் கோடு போட்ட டிரெஸ்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டிரெஸ் தைத்தேன். கழுத்து இருந்தது, கை இருந்தது, இரண்டு பாக்கெட்கூட இருந்தது. உள்ளே ஆள் போகத்தான் வழி இல்லை.

எல்லாம் பெங்களூரில் இருக்கும் என் மகளால் வந்த வினை. போனில் ஒரு படம் அனுப்பினாள். மிஞ்சிப்போன பனியன் துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த டிரெஸ். பக்கத்தில் 'சஸ்டெய்னபிள்' என்று ஒரு வார்த்தை, அந்த வார்த்தைக்கும் சேர்த்து ஒரு விலை. ஒட்டுப்போட்ட துணியை நாம் போட்டால் இல்லாமை... அவர்கள் போட்டால் கொள்கை!

"இதுக்கா இவ்ளோ விலை? நானே தச்சித் தரேன்" என்று ஃபேமிலி குரூப்பில் எழுதிவிட்டேன். நாத்தனார் உடனே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பாராட்டா, சவாலா? முப்பது வருஷப் பழக்கம் - சவால்தான்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் எடை போட்டு விற்கும் துண்டுத் துணியில் ஒரு மூட்டை வாங்கிவந்தேன். என் பழைய மிதி மெஷினில் ஜாக்கெட் தைப்பது போலவே தைத்தேன். பனியன் துணி இழுத்தால் நீளும், நூல் நீளாது என்பது தலையை நுழைத்த பிறகுதான் தெரிந்தது. நூல் டப் டப்பென்று அறுந்தது. தலை பாதியில் மாட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள் பக்கத்து வீட்டுச் செல்வி.

"இன்னாக்கா இது, தலகாணி உறையா?"

செல்வி பதினாலு வருஷமாக, தினமும் விடியற்காலை ரயிலில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனிலிருந்து பெங்களூர் கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போய் வருகிறவள். பனியன் துணியிலேயே புழங்குகிறவள். எனக்கு உயிர் வந்தது.

"நல்ல நேரத்துல வந்த. இத கொஞ்சம் சரி பண்ணிக் குடு."

"எனக்குக் கைதான்க்கா தெரியும். அதுவும் இடது கை."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இடது கையை உடம்போடு சேர்ப்பது மட்டும்தான் கம்பெனித் தையல் லைனில் அவள் வேலையாம். வலது கைக்கு ஒருத்தி, கழுத்துக்கு இன்னொருத்தி. ஒரு முழு டிரெஸ்ஸை அவள் தைத்ததே இல்லை. இதற்குக் கம்பெனி வைத்திருக்கும் பெயர், பதினாலு வருஷ அனுபவம்.

"மாதிரி டிரெஸ் தைக்கிற சாம்பிள் டெய்லர் வேலை ஒன்னு காலியா கீதுக்கா. டார்கெட் இல்ல, திட்டு இல்ல. ஆனா முழு டிரெஸ் தச்சிக் காட்டணும். நாளைக்குள்ள பேர் குடுக்கணும்... நான் குடுக்கல."

"ஏன்?"

"கழுத்துக்கு நான் எங்க போறது?"

மூட்டையை அவள் முன்னால் கொட்டினேன். பரோபகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். என் மனசில் இருந்தது நாத்தனாரின் கட்டை விரல்.

போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்கார அம்மா இங்கிலீஷில் பாடம் எடுத்தார். நான் மொழிபெயர்த்தேன். பாதிதான் புரிந்தது, ஆனால் முழுசாகச் சொன்னேன். செல்வி எங்கள் இருவரையுமே கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு துண்டையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"இது குறுக்காலதான் இழுக்குதுக்கா. நீங்க நெட்டா வெட்டி வெச்சிக்கீறீங்க. அதான் தல போவல."

என் தையல் மொத்தத்தையும் பிரித்தாள். கழுத்துக்குப் புதுசாக வெட்டி, துணியை லேசாக இழுத்துப் பிடித்தபடி தைத்தாள். மூன்று தடவை பிரித்தாள். நாலாவது தடவை சரியாக உட்கார்ந்தது. இடது கை வந்தபோது மட்டும் மெஷினைப் பார்க்கவே இல்லை, என்னோடு பேசிக்கொண்டே முடித்துவிட்டாள்.

பிறகு அதைப் போட்டுக்கொண்டு என் பீரோ கண்ணாடி முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். வயிற்றுப் பக்கம் இருந்த பச்சைக் கோடு போட்ட துண்டைத் தடவி, "இது எங்க லைன்ல ஓடின துணிக்கா" என்றாள்.

அந்தத் துணியில் கையகலத் துண்டு பையில் இருந்தாலும் கம்பெனி கேட்டில் விடமாட்டார்களாம். அதே துண்டு கழிவாக லாரி ஏறி பஜாருக்கு வரலாம், நான் எடை போட்டு வாங்கலாம். என் அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து கேஜ் லிஃப்டில் மேலே வந்தால் தங்கத்துக்காகத் தடவிப் பார்ப்பார்கள். செல்வியைப் பனியன் துணிக்காகத் தடவுகிறார்கள். ஊர் முன்னேறித்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை அந்த டிரெஸ்ஸையே எடுத்துப்போய்க் காட்டினாள். இன்-சார்ஜ் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டெஸ்ட்டுக்குப் பெயரை எழுதிக்கொண்டாராம்.

சாயங்காலம் அவளிடமிருந்து போன்.

"கேட்ல புடிச்சிட்டாங்கக்கா. கம்பெனித் துணி, பில் எங்கன்றாங்க. திருடினு எழுதிட்டா வேலயே போயிடும்க்கா."

துண்டுத் துணிக்கு பஜாரில் யார் பில் கொடுக்கிறார்கள்? அவளை இதில் இழுத்துவிட்டது நான்தானே! கடைசியில் இன்-சார்ஜ் வந்து, காலையில் உள்ளே வரும்போதே கொண்டுவந்தாள் என்று சொன்ன பிறகுதான் ஆளை விட்டார்கள். ஆளை மட்டும். கம்பெனித் துணி கம்பெனியிலேயே இருக்கட்டும் என்று டிரெஸ்ஸை எடுத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை டெஸ்ட். கழுத்து ஒரே தடவையில் உட்கார்ந்ததாம். செல்வி இப்போது சாம்பிள் டெய்லர்.

"டிரெஸ் எங்கம்மா?" என்று மகள் குரூப்பில் கேட்கிறாள். நாத்தனாரும் காத்திருக்கிறார். உள்ளதைத்தான் எழுதினேன்: கம்பெனி தள்ளிவிட்ட கழிவு, டிரெஸ்ஸாகி, கம்பெனிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு துண்டுகூட வீணாகவில்லை.

இதைவிட சஸ்டெய்னபிளாக யாராவது தைத்துக் காட்டட்டும்.