சகலை போட்ட டெக்

என் மனைவியின் அக்கா புருஷன், அதாவது என் சகலை, கோட்டூர்புரத்தில் டெக் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் படித்தவர், பேங்கில் பெரிய நாற்காலியில் இருந்து ரிட்டையர் ஆனவர். நான் ஐந்தாம் வகுப்பு. சிந்தாதிரிப்பேட்டையில் ஆணியும் போல்ட்டும் விற்று அடையாறில் மூன்று மாடி கட்டியவன். இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

பார்க்கப் போனோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஏறியதுமே சொன்னேன்: "இப்பதான் டெக் வாங்குறீங்களா சகலை? எங்க தெருவுல மொத டெக் என்னுது. படம் போட்டா தெருவே எங்க வூட்லதான்."

அவர் மெதுவாகச் சொன்னார்: "அது வீடியோ டெக், சகலை. நீங்க இப்ப நின்னுக்கினு கீறீங்களே, அதான் நம்ம டெக்."

குனிந்து பார்த்தேன். காலுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் பலகை பலகையாகத் தளம். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும்.

சிரித்ததைக்கூட விட்டுவிடுவேன். வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னதைத்தான் விட முடியவில்லை. "வர்ற காணும் பொங்கலுக்கு அவங்க மாடிலயே கூடலாம்னு அக்கா சொல்லுது. உக்கார சொகமா கீதுல்ல?"

வீடு கட்டிய நாள் முதல் காணும் பொங்கலுக்கு அவள் பிறந்த வீட்டார் கூடுவது என் மாடியில்தான். இலை போட்டு நான் பரிமாறுவேன்.

"நாமளும் டெக் போடறோம்" என்றேன்.

"அதே பலகையா?"

"அது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. தட்டிப் பாத்துட்டேன். நம்மளுது தேக்கு."

"அவருது தண்ணி ஊத்தி கழுவுனா போதுமாம். தேக்குன்னா வருசா வருசம் எண்ணெ பூசணுமே, யார் பூசறது?"

"நான் பூசறேன்."

மரவாடிக்கு நானே போனேன். முற்றாத, வெள்ளை ஓடிய பலகையையெல்லாம் தள்ளிவிட்டு, வைரம் பாய்ந்ததாகப் பார்த்து எடுத்தேன். கடல் காற்று என் வீட்டு கேட்டையே தின்றிருக்கிறது. அதனால் படகுக்குப் போடும் துருப்பிடிக்காத ஸ்க்ரூ. மழைத்தண்ணீர் தேங்காமல் ஓட அடியில் கட்டை கொடுத்து, பலகைக்குப் பலகை இடைவெளி விட்டேன். இந்த வேலையில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சித்திரை வெயிலில், வேண்டுமென்றே மதியச் சாப்பாட்டுக்குச் சகலையைக் குடும்பத்தோடு கூப்பிட்டேன். அவருடைய பலகை வெயிலில் தோசைக்கல்லாகக் காயும் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டதும் மாடிக்கு அழைத்துப்போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சூடு தாங்குது சகலை. என்னுதுல இந்நேரம் காலே வெக்க முடியாது" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

உடனே கீழே எட்டிப் பார்த்து, தன் மனைவியிடம் குரல் கொடுத்தார்: "காணும் பொங்கல் இங்கயே வெச்சிக்கலாம்மா. இதான் நல்லாக் கீது."

அவ்வளவுதான். போட்டிக்கே வராமல் விட்டுக்கொடுத்துவிட்டார். என் மனைவி படியேறி வந்து, "பாத்தியா, எவ்ளோ பெரிய மனசு அவருக்கு" என்றாள்.

மரம் என்னுடையது, மாடி என்னுடையது, பெரிய மனசு மட்டும் அவருக்கு. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.