முனகுனா ஆழம்

எங்கள் வீட்டு அலமாரி மேல் ஒரு ஹெட்போன் கிடக்கிறது. பஞ்சு பிய்ந்துவிட்டது, ஒயரில் இன்னும் மணல் ஒட்டியிருக்கிறது. துபாய்க்கு வெல்டிங் வேலைக்குப் போன என் கொழுந்தன் விட்டுப்போனது. இன்று காலை அவன் போனில் பேசியதிலிருந்து அதை எடுப்பதும் துடைப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். "ஒண்ணியும் இல்ல அண்ணி, நல்லா கீறேன்" என்றான். சொன்னதில் குறையில்லை. குரல்தான் சரியில்லை.

திருவொற்றியூரில் இருந்தவரை அவன் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். யாரிடமோ பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, ஞாயிறானால் கடற்கரையை அளப்பான். கிடைப்பதெல்லாம் சோடா மூடியும் துருப்பிடித்த ஆணியும்தான். குப்பத்தில் மிஷின் போடுகிற சத்தத்தை வைத்து அவனுக்கு 'குய்ங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கெல்லாம் அசர மாட்டான். "மிஷின் கத்துனா பொருள் மேல கீது, முனகுனா ஆழத்துல கீது" என்று கேட்காதவர்களுக்கும் பாடம் எடுப்பான்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் போயிருந்த சமயம், என் தாலிக்கயிறு அறுந்தது. கருவாடு காயப்போட்டுவிட்டு வந்து கழுத்தைத் தொடுகிறேன், கயிறு ரவிக்கையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, தாலிப்பொட்டைக் காணோம். ஆள் கடலில் இருக்கும்போது தாலி மண்ணில் விழுந்தால், எங்கள் பக்கத்தில் அதை வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள். முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கொழுந்தனிடம் மட்டும் சொன்னேன். மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

கருவாடு காய்ந்த இடத்திலேயே முனகியது. ஹெட்போனில் ஒரு பக்கத்தை என் காதிலும் வைத்தான். ஆழம் என்று சொல்லி மண்வெட்டியைப் போட்டான். காலையில் விழுந்தது அதற்குள் எப்படி ஆழம் போகும் என்றேன். ஆள் மிதித்து மணல் முழுங்கியிருக்கும் என்றான். தோண்டத் தோண்டத் தண்ணீர்தான் ஊறியது. குழிக்குள் சத்தமே நின்றுபோனது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் மிஷினின் அடிவட்டை வாரிக்கொட்டிய மணல்மேல் பிடித்தான். முனகியது. முதல் வெட்டிலேயே வெளியே வந்து கிடந்தது பொட்டு. நகத்தளவுப் பொருள், மேலாகக் கிடந்தாலும் அதற்கு முனகத்தான் தெரியும்.

"தூக்கிப் பாக்காம வுட்டுட்டேன் அண்ணி" என்று தலையில் அடித்துக்கொண்டான். வட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க வேண்டுமாம். சின்னது என்றால் சத்தம் உடனே அடங்கிவிடும். பெரியது ஆழத்தில் இருந்தால், உயர்த்தினாலும் முனகல் விடாது. என் வீட்டுக்காரர் நல்லபடியாகக் கரை வந்தார். அவருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

இன்று காலை போனில் கேட்டது அந்த முனகல்தான். வீட்டு ஏக்கமா, அங்கே வேறு ஏதாவது தொல்லையா? சின்னது என்று விடவும் மனம் வரவில்லை, தோண்டவும் பயம். அடுப்பில் கை ஓடவில்லை. கடைசியில் நானே கூப்பிட்டேன். எதையும் விசாரிக்கவில்லை. "இன்னா குய்ங்கு, உன் மிஷினக் காயலான் கடைல போட்டுட்டேன்" என்று, வட்டை உயர்த்திப் பார்க்கிற மாதிரி, கதை விட்டேன். பழைய ஆளாக இருந்தால் என் காது கிழிந்திருக்கும்.

"போட்டுக்க அண்ணி" என்றான், அதே குரலில்.

ஹெட்போன் என் மடியில் இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். "நைனா, வேல கெடக்குது வுடு. நீ கெளம்பி வூட்டுக்கு வா" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் தெருக்கோடி வரை கேட்கிற அந்தப் பழைய குரலில் அழுதான்.