வெறும் போத்தல்

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்கு மேலே. அங்கே தேயிலை அரைக்கும் ஸ்டோரில், அதற்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவுக்குக் கீழே, என் வீட்டுக்காரர் எஞ்சின் பார்த்தார். ஐம்பதுகளின் கடைசியில் அந்த எஞ்சினுக்குப் புது எண்ணெய் வந்தது. மண்ணிலிருந்து எடுத்ததல்ல, சீமையில் மருந்து மாதிரிக் கூட்டிச் செய்ததாம். ஓட ஓட அதற்கு எப்படி வயதாகிறது என்று பார்க்க, எஞ்சினில் ஓடிய எண்ணெயில் ஒரு போத்தல் அனுப்பும்படி எண்ணெய்க்காரர்கள் எழுதியிருந்தார்கள்.

"புள்ள, கழுவின போத்தல் ஒண்ணு குடு" என்றார். மண்ணிறத்து மருந்துப் போத்தல் ஒன்றைச் சாம்பல் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், அவர் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சீமையிலருந்து கடுதாசி வந்திருக்கு. நாம அனுப்பின எண்ணெயில தேங்கா எண்ணெ கலந்திருக்காம். நல்ல எண்ணெய எடுத்துட்டு நான் இத ஊத்திட்டேன்னு டீமேக்கர் ஐயா சொல்றாரு. திங்கக்கெழமையிலருந்து எஞ்சின விட்டுட்டு மண்வெட்டி எடுத்துக்கிட்டு மலைக்குப் போகணுமாம்."

"அங்க இருக்கவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"ஒரு மெஷின் இருக்காம். எண்ணெய ஆவியாக்கி, பொடிப்பொடியா ஒடச்சு, ஒவ்வொரு பொடியையும் நிறுத்துப் பாக்குமாம்."

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று அதற்குப் பெயராம். இன்றைக்கும் எனக்கு அது வாயில் வராது.

சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், அதற்குள் அங்கே கதை வந்துவிட்டிருந்தது. "எஞ்சினுக்குத் தல தேச்சு விட்டாராக்கும் ஒன் வீட்டுக்காரரு?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெறும் பாத்திரத்தை வீட்டை விட்டு வெளியே கொடுப்பது எங்களுக்கு வழக்கமில்லை. உப்போ நாலு அரிசியோ போட்டுத்தான் கொடுப்போம். அந்தப் போத்தல் கடல் தாண்டிப் போகிறதே என்று, அடியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன். அவர் கவனிக்காமலே நிரப்பியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நான் போய்ச் சொன்னா, பொண்டாட்டி மேல பழி போடுறேன்னு ஐயா சொல்வாரு" என்றார்.

டீமேக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் எதிரே வந்தால் நான் பாதையோர மண்மேட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். ஒரு வார்த்தை பேசினதில்லை. மறுநாள் காலையில் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். கண் தரையை விட்டு எழும்பவில்லை.

"ஐயா, அது நாந்தாங்க."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"போத்தல்ல எண்ணெ விட்டது. வெறும் போத்தலா குடுக்கக் கூடாதுங்களே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவ்வளவு விட்டனீ?"

"ஒரு சொட்டுங்க."

"ஒரு சொட்டையே பிடிச்சுப் போட்டுதோ" என்றார், என்னிடமில்லை, மேசையில் கிடந்த அந்தக் கடிதத்திடம். பிறகு, "எங்கட வீட்டிலயும் வெறும் செம்பு குடுக்கமாட்டினம். சரி, இன்னொரு போத்தல் அனுப்புவம். பதில் வருமட்டும் அவர் எஞ்சினையே பாக்கட்டும்" என்றார்.

இரண்டாவது போத்தலுக்குக் கை நீட்டின என் வீட்டுக்காரர், அதைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. அவருடைய மற்றக் கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியை வைத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "இத மெஷின் கண்டுபுடிக்காது" என்று கிளம்பினார்.

பதில் வந்தது. தேங்காய் எண்ணெய் இல்லை. எண்ணெய் சூட்டில் கொஞ்சம் மூத்திருக்கிறது, இன்னும் ஓடும். இதே ஆள் தொடர்ந்து அனுப்பட்டும் என்று எழுதியிருந்ததாம். அதற்குப் பிறகு போன போத்தல் எல்லாம் நான் கழுவிக் கொடுத்ததுதான். ஒவ்வொரு முறையும் கருப்பட்டிக்கு அவரே கை நீட்டினார்.