பக்கத்து வீட்டுப் புல்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வாடகை வீடு. வளவு முழுக்கக் கடல் மணல். அந்த மணலில் என் புருஷனுக்குப் புல்தரை வேண்டும், எனக்குக் கத்தரிக்காய் வேண்டும். சண்டை முற்றி, முன்பக்கம் அவருக்கு, பின்பக்கம் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

பக்கத்து வீட்டுப் பறங்கிக்காரர் சனிக்கிழமைதோறும் மெஷினால் புல் வெட்டி மதிலோரம் குவிப்பார். நான் கேட்டு வாங்கி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, கத்தரியைச் சுற்றிப் பரப்புவேன். மணலில் ஈரம் நின்றது. செடி காய்த்துத் தள்ளியது. என் புருஷனுக்கோ மானம் போயிற்று.

"ஒரு கிளாக்கரின்ர பெண்சாதி ஊரான் வீட்டுக் குப்பையைச் சாக்கில அள்ளுறதோ? ஒழுங்கையே பாக்குது!"

"பாக்கட்டும். கறி தின்னேக்க மட்டும் குப்பை எண்டு தெரியேல்லையோ?"

அப்போதுதான் இவருடைய கந்தோரில் தலைமைக் கிளாக்கர் வேலை காலியானது. அந்த வேலையைக் கொடுக்கும் துரையை இவர் தேநீருக்கு அழைத்தார். வெள்ளைக்காரன் வீட்டைப் பார்க்குமுன் புல்லைத்தான் பார்ப்பான் என்று இவருக்கு ஒரு நம்பிக்கை. புல்லோ மாசி வெயிலில் சொட்டை விழுந்து கிடந்தது. துரை வரும் சனிக்கிழமை காலை, மனுஷன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, சிரிப்பும் வந்தது.

"பக்கத்து வீட்டுப் பச்சைப் புல்லைச் சொட்டையில தூவிவிடுவமே?" என்றேன்.

உடனே சாக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். தூவி முடித்ததும், வாடிவிடுமென்று தண்ணீர் வேறு தெளித்துவிட்டார்.

துரை வந்தார். ஈரப்புல் அவருடைய வெள்ளைச் சப்பாத்தில் அப்பிக்கொண்டு, சிவப்புச் சீமெந்துத் தரையெல்லாம் பச்சைக் காலடியாக வீட்டுக்குள் வந்தது. முற்றத்தில் அவர் மிதித்த இடமெல்லாம் சொட்டை. இவர் வியர்த்துப்போய், "பின்பக்கம் பாருங்கள், சேர்" என்று அவரை இழுத்துக்கொண்டு போனார்.

"இந்த மணலிலா இவ்வளவு காய்? யாருடைய வேலை?" துரை இங்கிலீசில் கேட்டது எனக்கு நன்றாக விளங்கியது.

"என்னுடைய வேலைதான், சேர்" என்றார் இவர்.

அடப்பாவி! கையிலிருந்த கேக் தட்டை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் வந்தது. துரைக்கு வாயெல்லாம் பல். அடுத்த சனிக்கிழமை தன் பங்களாத் தோட்டக்காரனுக்கு இதைச் செய்து காட்டச் சொன்னார். வேலை விஷயத்தையும் அங்கேயே பேசலாமாம்.

கார் போனதும் இவர் என் பின்னால் வந்தார். "இஞ்சாரப்பா, புல்லுப் பச்சையாப் போடுறதோ, காயவைச்சுப் போடுறதோ?"

"உங்கட தோட்டமெல்லோ? உங்களுக்குத் தெரியாதோ?"

மூன்று நாள் அவரைக் கெஞ்சவிட்டேன். நான்காம் நாள் சாக்கை அவர் கையில் கொடுத்தேன். "மதிலோரம் மிச்சம் கிடக்கு. அள்ளிக்கொண்டு வாங்கோ, சொல்லித்தாறன்."

"இருட்டட்டும், போறன்."

"இப்பவே. எல்லாரும் கந்தோர் விட்டு வாற நேரம்."

போனார். கோட்டும் டையுமாக, தோளில் சாக்கோடு. ஒழுங்கையே பார்த்தது. நானும் வாசற் படலையில் நின்று ஆசைதீரப் பார்த்தேன்.

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. சனிக்கிழமைச் சாக்கும் அன்றிலிருந்து அவருக்குத்தான்.